கவசமிட்டாய்

கரிசல்புரத்தில் காலையில் எழுந்ததும் எல்லாரும் முதலில் செய்கிற காரியம், சுவருக்கு நேராக நின்று நாக்கை நீட்டுவது. சுவரில் பதித்திருக்கும் நாக்குநோக்கி அதை ஒரு நொடி உற்றுப் பார்க்கும். உடம்பில் இரும்புச்சத்து குறைகிறதா, ஆள் ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாரா, வீட்டில் யாரோடாவது சண்டை போட்டாரா என்பதுவரை அதற்குத் தெரிந்துவிடும். பிறகு சுவரின் அடியில் சின்னக் கதவு ஒன்று திறக்கும். அன்றைக்கு அந்த உடம்புக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சேர்த்து இறுக்கிய சத்துக்கட்டி ஒன்று தொப்பென்று தட்டில் வந்து விழும். உள்ளே இருக்கும் சத்து ஆளுக்கு ஆள் மாறுமே தவிர நிறமும் வாடையும் எல்லாருக்கும் ஒன்றுதான். சாம்பல் நிறம், ஈரச் சாக்கு வாடை.

கரிசல்புரம் இருப்பது செவ்வாய்க் கோளில், ஒரு கண்ணாடிக் குவிமாடத்துக்குள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திறங்கிய முதல் கூட்டம் வைத்த பெயர் அது. கண்ணுக்கெட்டிய தூரம் மண் செக்கச்செவேல் என்று கிடக்கிறது, ஊருக்குப் பெயர் கரிசல்புரம். பெயர் வைக்கிறவர்கள் வந்த இடத்தை எங்கே பார்க்கிறார்கள், விட்டுவந்த இடத்தை நினைத்துக்கொண்டுதான் வைக்கிறார்கள். உலகம்மாளுக்குப் பெயர் வைத்ததும் அப்படித்தான். செவ்வாயிலேயே பிறந்து செவ்வாயிலேயே தலை நரைத்தவள். உலகத்தைத் தொலைநோக்கியில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்த்ததோடு சரி.

அன்று காலை உலகம்மாள் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். நாக்கை நீட்டிவிட்டு வந்த அவள் கணவர் அணஞ்சபெருமாள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். சத்துக்கட்டி விழுகிற சத்தம் கேட்டதும் இப்படிக் கண்ணை மூடிக்கொள்வது கொஞ்ச நாளாக அவருக்கு வழக்கமாகிவிட்டது.

"ஏங்க, ஒரு வாய் தின்னுட்டுப் படுங்களேன்."

"வேண்டாம்ட்டி."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

அவர் கண்ணைத் திறந்தார். "ஒனக்குத் தெரியாதாக்கும். ஒரே ஒரு கவசமிட்டாய் கெடச்சாப் போதும். அத வாயில போட்டுட்டா பசி தன்னால வந்துரும்."

"அதுக்கு நான் எங்க போக? அது நின்னு எம்புட்டுக் காலமாச்சு!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். நல்லதா ஒண்ணு இருந்தா நிப்பாட்டிருவான். இந்தக் கருமத்த நிப்பாட்டுதானா பாரு." தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அணஞ்சபெருமாள் சுரங்கம் துளைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க் கணக்கில் முப்பத்தாறு வயது. பூமிக் கணக்கில் சொன்னால் அறுபத்தெட்டு, ஆனால் அந்தக் கணக்கை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. போன குளிர்காலத்தில் வந்த மார்ச்சளி அவர் பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி போனது, பசி திரும்பவில்லை. ஆள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வீடு சுவருக்குள் நலம்நாடி என்று ஒரு வைத்திய எந்திரம் உண்டு. கெட்ட செய்தியைக்கூட அழகான தமிழில் சொல்லும்படி அதைப் பழக்கியிருந்தார்கள்.

"அம்மையாரே," என்று அது ஒருநாள் உலகம்மாளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தது. "தங்கள் கணவரின் உடல்நிறை கவலைக்குரிய அளவை நெருங்குகிறது. இந்தப் பருவம் முடிவதற்குள் அவர் உண்ணத் தொடங்காவிட்டால், விதிப்படி அவரை உறக்கப் பேழையில் வைக்க நேரிடும். வருந்துகிறேன்."

உறக்கப் பேழைக்குள் போனவர்கள் சாவதில்லை. அதனால் வாய்விட்டு அழுவதற்கும் வழியில்லை. அவர்களில் ஒருவர் எழுந்து வந்து காப்பி கேட்டதாக இதுவரை கதையும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் போய்க் கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். உலகம்மாளுக்கு இருந்த ஒரே மகளும் வியாழனுக்குப் போகும் கப்பலில் எந்திரம் பார்க்கிறாள். இவரும் பேழைக்குள் போய்விட்டால் வீட்டில் பேச்சுக்குரல் என்று இருப்பது நலம்நாடியின் குரல் மட்டும்தான்.

பேழை என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து அவள் கணவரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். காது மடலில் இருந்த மச்சம் அப்போதுதான் கண்ணில் பட்டது. சுரங்கத்தில் பாறை சரிந்த கதையை அவர் ஆரம்பித்தால், முன்பெல்லாம் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். இப்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். குறட்டைகூட நின்றுவிடக்கூடாதே என்று இருந்தது.

கவசமிட்டாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் குவிமாடம் மெல்லியது. வெயிலோடு வேண்டாத கதிர்களும் உள்ளே வரும். பிள்ளைகளின் எலும்பைக் காப்பாற்ற ஒரு மருந்தை உருட்டி, மேலே ஆரஞ்சு நிறத்தில் சீனிப் பூச்சு பூசிக் காலைதோறும் பள்ளிக்கூடத்தில் கொடுப்பார்கள். புதுக் குவிமாடம் வந்தபின் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதைத் தின்று வளர்ந்தவர்கள் எல்லாம் இப்போது கிழடுகள். அவர்கள் கூடிக் கவசமிட்டாய் மன்றம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். வாராவாரம் கூடிப் பெருமூச்சு விடுவதைத் தவிர மன்றத்துக்கு வேறு வேலை இல்லை. அணஞ்சபெருமாள் அதன் செயலாளர்.

உலகம்மாள் ஊரின் ஊட்டுச்சாலையில் சுவை சரிபார்க்கிறவள். ஊரார் தின்கிற சத்துக்கட்டி அங்கேதான் தயாராகிறது. அங்குள்ள எந்திரங்கள் எதையும் மறப்பதில்லை, என்றைக்கோ செய்து நிறுத்தியவற்றின் செய்முறைகூட அவற்றின் நினைவில் அப்படியே இருக்கும். அவள் மேலதிகாரி ஞானசிகாமணியிடம் போய் விஷயத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரார் புகாரைப் படித்துப் படித்தே களைத்துப் போன மனிதர் அவர். "செஞ்சுக்கோம்மா. எங்கிட்டக் கேட்டதா யார்கிட்டயும் சொல்லாத," என்று அனுப்பிவிட்டார்.

எந்திரம் ஒரு கை நிறையக் கவசமிட்டாய்களை உருட்டிக் கொடுத்தது. அணுவுக்கு அணு பழையதுதான் என்று சத்தியமும் செய்தது. உலகம்மாள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து ஒன்றை அவர் வாயில் போட்டாள். அணஞ்சபெருமாள் கண்ணை மூடிச் சப்பினார். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. தூவென்று துப்பினார்.

"என்னட்டி இது? கசக்கு!"

"இதுதாங்க அது. அப்படியே பழைய செய்முறை."

"கவசமிட்டாய் எங்கயாவது கசக்குமா? தேனுல்லா அது! ஒன்னைய நல்லா ஏமாத்திட்டானுவ."

அவள் மறுபடியும் போனாள். மருந்தைக் குறைத்துத் தேன் மணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெறும் சீனி என்றார். புளிப்பைக் கொஞ்சம் சேர்த்தாள். "பக்கத்துல வந்திருக்கு. ஆனா அது இல்ல," என்றார். மன்றத்துக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தாள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் என்றார், ஒருவர் பால்கோவா என்றார். ஆரஞ்சுப் பழத்தையும் பால்கோவாவையும் அவர்களில் யாரும் தின்றதில்லை என்பது வேறு விஷயம். ஒவ்வொரு தடவையும் புதுப் பொட்டலத்தோடு வீடு திரும்பும்போது அவளுக்குள் ஒரு நம்பிக்கை எழும். ஒவ்வொரு தடவையும் அது துப்பும் சத்தத்தில் போய்விடும். கால் வலித்தது. அதைவிட மனசு வலித்தது. பருவம் முடிய அதிக நாளில்லை.

கடைசி வழியாக ஒன்று தோன்றியது. பொது இடங்களில் நடப்பதை எல்லாம் பாதுகாப்புக்காகப் பதிந்துவைக்கும் காட்சிக் கிடங்கு ஒன்று ஊரில் உண்டு. குடியேறிய நாள் முதல் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மிட்டாயைச் சூடாகக் கொடுத்தார்களா, பாலோடு கொடுத்தார்களா என்று பார்த்துவிட்டால் விட்டுப்போனது என்ன என்று பிடிபட்டுவிடும் என்று நினைத்து, அவள் பழைய பள்ளிக்கூடத்துக் காட்சியைக் கேட்டு வாங்கினாள்.

வகுப்பறை தெரிந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பையனைக் காது மடல் மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். பூமிக் கணக்கில் எட்டு வயது இருக்கும். அவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். ஓர் ஆசிரியை தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூக்கைப் பொத்தி, திறந்த வாய்க்குள் கவசமிட்டாயைத் திணித்தார். அவர்கள் அடுத்த பிள்ளைக்குத் திரும்பியதும் அவன் கதவுக்குப் பின்னால் ஓடித் துப்பினான். ஏற்கெனவே துப்பியவர்கள் அங்கே கூட்டமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பாவாடை நுனியால் நாக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணை உலகம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது. அது அவளேதான். தனக்கும் கவசமிட்டாய் தேனாக இனித்தது என்றுதான் அவளும் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை, அவள் நாக்கில் அது இனித்துக்கொண்டுதான் இருந்தது.

வெட்கத்தோடு காட்சியை வீட்டுச் சுவருக்கு வரவழைத்துக் கணவருக்குக் காட்டினாள். இதைப் பார்த்தாவது இந்த ஏக்கத்தை விட்டுவிட்டுத் தட்டில் இருப்பதைத் தின்பார் என்று எண்ணினாள். அணஞ்சபெருமாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பையன் தேம்பினான், திமிறினான், துப்பினான். அவர் கண்ணில் நீர் திரண்டது.

"பாத்தியாட்டி," என்றார். "எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கேன்!"

"அழுதுகிட்டுல்லா இருக்கீங்க?"

"அது அழுகையா? கெடச்சிருச்சேன்னு ஆனந்தம்."

"துப்புதீங்களே!"

"வச்சுத் திங்கதுக்குக் கையில எடுத்திருப்பேன். அம்புட்டு ஆச." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னொரு தடவ போடு, பாப்போம்."

உலகம்மாள் இன்னொரு தடவை போட்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. எதிரே அழுகிற பையனும் பக்கத்தில் சிரிக்கிற கிழவருமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்தபோது துப்பியதுதான் நின்றுபோன பிறகு தேனாகியிருக்கிறது. அப்படியானால் இப்போது கையில் இருப்பது எது? யோசனை அங்கே போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சுவை சரிபார்க்கிறவளுக்கு வீட்டுச் சுவர்களில் உணவு அறிவிப்பு எழுதும் உரிமை உண்டு. மறுநாள் காலை வேலைக்குப் போனதும், தன் வீட்டுச் சுவரில் மட்டும் தெரியும்படி ஒரு வரி எழுதினாள். 'வருகிற மாதத்தோடு சத்துக்கட்டி அடியோடு நிறுத்தப்படும்.' எழுதிவிட்டு வீடு திரும்பினாள்.

அணஞ்சபெருமாள் கட்டிலில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புக்கு முன்னால் நின்றிருந்தார்.

"ஏட்டி உலகு! இதப் பாத்தியா? சத்துக்கட்டிய நிப்பாட்டப் போறானாம்!"

"நல்லதாப் போச்சு. நீங்கதான் அதக் கருமம்னு சொல்லுவீங்களே."

"கருமம்னு எவன் சொன்னான்?" அவர் குரல் கிறீச்சிட்டது. "சுரங்கத்துல ஆறேழு பேரு வட்டமா ஒக்காந்து இதப் பிச்சுத் தின்னுருக்கோம். ஒனக்கு என்ன தெரியும்? இத மாதிரி ஒண்ண இனிமே எவனாலயாவது செய்ய முடியுமா? எங்க என் தட்டு?"

காலையில் விழுந்து கிடந்த கட்டி தட்டிலேயே இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து மூக்கருகே வைத்து ஆழமாக மூச்சிழுத்தார். "இந்த மணம்," என்றார். ஓரத்தைக் கடித்தார். மென்றார். மறுபடியும் கடித்தார். உலகம்மாள் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

செய்தி வீட்டுக்குள் நிற்கும் என்று அவள் நினைத்தது தப்பு. மன்றச் செயலாளரிடம் போய்ச் சேர்ந்த துக்கச் செய்தி வேறு எப்படிப் போகும்? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஆட்கள் ஒரு தடவைக்கு நாலு தடவை சுவரிடம் நாக்கை நீட்டினார்கள். நாக்குநோக்கிகள் குழம்பிப்போயின. கட்டிலுக்கு அடியில் சத்துக்கட்டி அடுக்கி வைக்காத வீடு இல்லை. சாப்பிட மாட்டேன் என்று அழுத பிள்ளைகளிடம், "பின்னால ஏங்குவே, நல்லா நெனவுல வச்சுக்கோ," என்று தாய்மார் ஊட்டினார்கள். கவசமிட்டாயைப் பற்றிப் பேச மன்றத்தில் யாருக்கும் நேரமில்லை. உலகம்மாள் கொண்டுவந்து கொடுத்த மிட்டாய்ப் பொட்டலங்கள் தொடுவாரில்லாமல் வீட்டு மூலையில் கிடந்தன.

ஞானசிகாமணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே அவள் போய் நின்றாள்.

"இது ஒன் வேலதானம்மா?"

"ஆமா சார். எங்க வீட்டுச் சொவத்துல மட்டும்தான் எழுதுனேன். மறுப்புக் குடுத்துருதேன் சார். தப்புத்தான்."

அவர் கதவைச் சாத்திவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நாலு சத்துக்கட்டிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "நானும் எடுத்து வச்சிருக்கேன்," என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு. "நிப்பாட்டுதது பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எடுத்து வச்சேன். இந்த நாற்காலியில ஒக்காந்த நாள்லருந்து புகார் வராத நாள் கெடையாது. நேத்து ஒண்ணுகூட வரல. மறுப்புக் குடுத்தேன்னு வையி, நாளைக்கே மறுபடியும் தட்டத் தள்ளிருவானுவ."

"அப்ப என்ன செய்ய சார்?"

"கடைசி மாதம்னு போடு. மாசம் முடிஞ்சதும், மக்கள் வேண்டுகோளுக்கு இணங்கி இன்னும் ஒரு மாதம்னு போடு. பூமியில துணிக்கடைக்காரன் அந்தக் காலத்துலயே செஞ்ச வேலைதான இது."

அப்படியே செய்தார்கள். கடைசி மாதம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் ஊர் கண்ணீர் மல்க நன்றி சொன்னது. அணஞ்சபெருமாளின் கன்னத்தில் சதை பிடித்தது. கட்டிலை விட்டு எழுந்து நடந்தார். மன்றத்துக்குப் போய்க் கூட்டம் நடத்தினார்.

பருவம் முடிந்த அன்று நலம்நாடி அவரைச் சுவரோரம் நிற்கவைத்துச் சோதித்தது. பிறகு அதற்கென்றே வைத்திருந்த மங்கலமான குரலில் சொன்னது: "அம்மையாரே, மகிழ்ச்சியான செய்தி. பேழைக்கு இனித் தேவையே இல்லை. இதயம் உறுதியாக உள்ளது, நுரையீரல் தெளிந்துவிட்டது. என் கணிப்பின்படி தங்கள் கணவர் இன்னும் நெடுங்காலம், மிக நெடுங்காலம், தங்களுடனேயே இருப்பார்."

உலகம்மாள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்த அழுகை அது. அணஞ்சபெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அவள் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். இனிமேல் இந்த மனிதரை ஒரு சொல் சொல்வதில்லை என்று அந்த நிமிஷம் அவள் மனசார நினைத்தாள். அதில் கொஞ்சமும் பொய்யில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் இருந்தார்கள். அணஞ்சபெருமாள் திருப்தியாக ஏப்பம் விட்டார். பல்லில் சிக்கியதை நாக்கால் துழாவி உறிஞ்சினார். அந்தச் சத்தம் உலகம்மாளின் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். சத்தம் நிற்கவில்லை. இந்தச் சத்தம் இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது என்று நினைத்தாள். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சுரங்கத்துல பாற சரிஞ்சதே, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"எனக்குத் தல வலிக்கு," என்றாள் உலகம்மாள்.

"கொஞ்சம் கேளுட்டி. இதுல ஒரு விசயம் ஒங்கிட்ட இதுவரைக்கும் சொல்லல."

"நாளைக்குக் கேட்டுக்கிடுதேன். நீங்க எங்க போயிரப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.